ஸ்டென்சிலின் மேல் ஓரம்

சுங்க அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் என் பெயர்தான் இருந்தது. கம்பெனி பெயர் இல்லை, முதலாளி பெயர் இல்லை. வெளிநாட்டிலிருந்து உங்கள் பெயருக்கு நான்கு அட்டைப்பெட்டிகள் வந்திருக்கின்றன, உள்ளே அச்சிட்ட விளம்பரப் பொருள் என்று எழுதியிருக்கிறது, மதிப்பு எழுதப்படவில்லை, தகுந்த ஆவணங்களுடன் நேரில் வந்து விளக்கம் தரவும் என்று சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். 2005, ஆகஸ்ட் மாதம். அந்தக் காலத்தில் என் பெயர் எந்த அரசாங்கக் காகிதத்தில் இருந்தாலும் அதை உடனே கவிழ்த்து வைத்துவிடுவேன். எட்டு மாதத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி அலை வந்த அன்று, ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் காணாமல் போனவர்கள் பட்டியலில் என் மகளின் பெயரை எழுதச் சொன்னார்கள். பக்கத்தில் என் பெயரையும் எழுதச் சொன்னார்கள். அதிலிருந்து அப்படித்தான்.

அவள் திரும்பி வந்துவிட்டாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குப்பத்தில் இருந்த தோழி வீட்டுக்குக் காலையில் கேக் சாப்பிடப் போனவள், யாரோ ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு போய்க் கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் பிரம்மதேசம் கிராமத்தில் இறக்கிவிட, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நடுவில் இருந்த நான்கு மணி நேரம் என்னுடையது. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. அவளுடைய சைக்கிளுக்குப் பூட்டு போட்டேன், கடற்கரைத் தெருவில் இருந்த டியூஷனை நிறுத்தினேன், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் ஆபீசுக்கு வரவேண்டும் என்றேன். கணவர் குவைத்தில் இருந்தார். "புள்ளைய இப்படி அடைச்சு வெக்காத" என்று போனில் சொல்வார். போனில் எதையும் சொல்லலாம்.

என் ஆபீஸ் என்பது திண்டிவனம் சாலையில் ஒரு ஷெட். உப்பளங்களிலிருந்து கல்லுப்பு வாங்கிச் சுத்தம் செய்து, வாசனை எண்ணெய் சேர்த்துச் சின்னத் துணிப்பைகளில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே அதைக் குளிக்கிற தண்ணீரில் போட்டுக்கொள்வார்களாம். பை கட்டுகிற பெண்களில் பாதிப் பேர் அளத்தில் வேலை செய்தவர்கள். அலை வந்து பாத்திகளில் சேறு நிரப்பிவிட்டுப் போன பிறகு ஷெட்டுக்கு வந்தவர்கள். "உப்புத் தண்ணியில குளிக்கிறதுக்கா இம்மாங் காசு? நாங்க பொறந்ததுல இருந்து அதுலதானக்கா நிக்கிறோம்" என்று சிரிப்பார்கள். நான் பி.காம். படித்தவள் என்பதால் கடிதப் போக்குவரத்து, பில், பார்சல் எல்லாம் என் தலையில்.

சரக்கு வாங்குகிற வெளிநாட்டு அம்மாள் பிப்ரவரியில் வந்திருந்தார். ஆரோவில் பக்கம் தங்கிக்கொண்டு இரண்டு நாள் ஷெட்டுக்கு வந்து போனார். என் மேசையின் மறுபக்கத்தில் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக இந்தியப் படத்தை வரைந்து ஊர்களைக் குறித்துப் பழகிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் ஸ்டென்சிலை வைத்து ஓரத்தில் பென்சில் ஓட்டுவது. பிறகு நதி, துறைமுகம், ரயில்பாதை. அன்று அவள் எதையும் குறிக்காமல், கிழக்குக் கரையில் ஒரே ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி உப்புக் குவியல்களைக் குட்டிக் குட்டிக் கூம்புகளாக வரைந்து நீல மையில் நிழல் கொடுத்திருந்தாள். அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். இதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா, ஒவ்வொரு பையிலும் வைக்கப்போகும் விளம்பரத் தாளில் போடுகிறேன் என்றார். மகள் என்னைப் பார்த்தாள், தாளைக் கிழித்துக் கொடுத்தாள்.

அலைக்குப் பிறகு அவள் எதையும் கேட்டதில்லை. பொங்கலுக்குத் துணி எடுக்கவா என்றால் வேண்டாம், பரீட்சை முடிந்ததும் சித்தி வீட்டுக்குப் போகிறாயா என்றால் வேண்டாம். அச்சாகி வரப்போகும் அந்தத் தாளை மட்டும் கேட்டாள். மே மாதத்திலிருந்து தினமும் ஷெட்டுக்குள் நுழைந்ததும் அவள் சொல்லும் முதல் வார்த்தை "வந்துச்சா?" என்பதுதான். கடிதம் வந்த அன்று, "வந்துடுச்சு, மெட்ராஸ்ல இருக்குது. போய் எடுத்துக்கிட்டு வர்றேன்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, எப்பாடு பட்டாவது அதை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதலாளிக்கு விஷயமே புரியவில்லை. "ஏம்மா, நோட்டீஸுக்கெல்லாமா கஸ்டம்ஸு? நம்ம ஊர்ல சினிமா நோட்டீஸ ஆட்டோல இருந்து வாரி எறிஞ்சிக்கிட்டே போறான், எவனாவது கேக்கறானா?"

"அது வெளிநாட்டுல இருந்து வரலைங்க."

"சரி, போய் வா. அடுத்த மாசம் கன்டெய்னர் ஏத்தணும். மழை புடிச்சிக்கிச்சுன்னா உப்பு ஊறிப் போயிடும், பாத்துக்க."

மரக்காணத்திலிருந்து சென்னைக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம். நான் திண்டிவனம் போய்ச் சுற்றிக்கொண்டு போனேன். அலைக்குப் பிறகு நான் அந்தச் சாலையில் போனதில்லை. போய்ச் சேரும்போது பதினொன்றரை. டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. இரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்தினால் நானும் கத்தலாம்.

"விலை இல்லைன்னு எழுதியிருக்காங்க. விலை இல்லாத பொருள்னு எங்ககிட்ட ஒண்ணும் கிடையாதும்மா. காகிதத்துக்கு ஒரு விலை, அச்சடிக்க ஒரு விலை. சும்மா குடுத்தாலும் மதிப்பு போட்டுத்தான் ஆகணும்."

"விளம்பரம்தான் சார். சாம்பிள் மாதிரி."

"ஒண்ணு ரெண்டு இருந்தா சாம்பிள். இது நாலாயிரம். நாலாயிரம் சாம்பிள் எந்த ஊர்லம்மா குடுக்கறாங்க?"

"பைக்குள்ள வெச்சுத் திருப்பி அவங்களுக்கேதான் அனுப்பப் போறோம்."

"அப்ப ஏற்றுமதி பண்ற கம்பெனி பேருக்கு வந்திருக்கணும். இது உங்க பேருக்கு வந்திருக்கு. நீங்க கம்பெனியா?"

இல்லை என்றேன். வேறென்ன சொல்வது? அந்த அம்மாள் பிரியத்தில் என் பெயரை எழுதிவிட்டார். அவருக்கு அந்த ஷெட்டில் தெரிந்த பெயர் அதுதான். அனுப்பியவரிடமிருந்து மதிப்பைச் சொல்லும் கடிதம், கம்பெனியிடமிருந்து இது எங்கள் சரக்கு என்று ஒரு கடிதம், ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணின் நகல், எனக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் ஒரு கடிதம் என்று அதிகாரி பட்டியல் போட்டார். எழுதிக்கொண்டேன். "இதெல்லாம் வந்துட்டா போதுமா சார்? வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று இரண்டு முறை கேட்டேன். "பேப்பர் சரியா இருந்தா பெட்டியத் திறந்து பாத்துட்டு விட்டுடுவோம்" என்றார்.

கடிதங்கள் சேர இரண்டு வாரம் ஆனது. ஒரு கடிதத்தில் முதலாளி கையெழுத்துக்குக் கீழே முத்திரை குத்த மறந்து, இன்னொரு நாள் போனது. மகள் தினமும் வந்து நிற்பாள். "வந்துச்சா?" "முத்திரைக்குப் போயிருக்குது." "முத்திரைக்கு அப்புறம்?" "அப்புறம் வந்துடும்." எனக்கு அந்த நாலாயிரம் தாள்மேலும் கோபம், அதை அனுப்பியவர்மேலும் கோபம், கேட்டுக்கொண்டு நிற்கிற அவள்மேலும் கோபம்.

இரண்டாவது முறை போனபோது எல்லாக் காகிதங்களும் சரியாக இருந்தன. அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டார். பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, பிளேடால் நாடாவைக் கீறி, மேலே இருந்த தாளை எடுத்தார். மூன்று மடிப்புத் தாள். முன்பக்கம் உப்பளத்தின் புகைப்படம், நடுவில் எழுத்து, கடைசியில் ஒரு குளியல் தொட்டி. தொட்டி இருந்த மடிப்பின் பின்பக்கம் முழுக்க நீலத்தில் என் மகள் வரைந்த படம். அச்சில் அது இன்னும் அழகாக இருந்தது. கூம்புகளின் நிழலைக்கூட விடாமல் அச்சடித்திருந்தார்கள். நான் மேசைமேல் குனிந்துவிட்டேன்.

அதிகாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். தாளைத் திருப்பினார், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது என்னம்மா, மேல மொட்டையா இருக்கு?"

பார்த்தேன். வடக்கே, படத்தின் உச்சியில் இருக்கவேண்டிய வளைவு நெளிவு எதுவும் இல்லை. காஷ்மீர் இருக்கவேண்டிய இடத்தில் கோடு நேராக, ரூலர் வைத்துப் போட்டதுபோல் ஓடியது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது வாங்கிய ஸ்டென்சில். ஜாமெட்ரி பாக்ஸுக்குள் அடங்கவில்லை, மேல் ஓரம் துருத்திக்கொண்டு நின்றது. பையில் போட்டால் உடைந்துவிடும், மூலை குத்திக் கையைக் கிழிக்கும் என்று பயந்து, கத்திரிக்கோலை எடுத்து மேல் ஓரத்தை நான்தான் வெட்டினேன். பெட்டி மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு நான் அதை நினைக்கவே இல்லை. பரீட்சையில் வெறும் படத்தை அவர்களே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டென்சில் வீட்டில் பழகுவதற்குத்தான். டீச்சரும் ஊர் சரியாகக் குறித்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

"நாட்டோட எல்லை தப்பா இருக்கிற மேப் உள்ள வரக் கூடாதும்மா. புக்கா இருந்தாலும் சரி, விளம்பரமா இருந்தாலும் சரி. வரியாவது கட்டிட்டுப் போகலாம், இதுக்கு வழி இல்ல."

"சின்னப் பொண்ணு வரைஞ்சது சார். பத்தாவது படிக்கும்போது."

"யார் வரைஞ்சாங்கன்னு ரூல்ல கேக்கல. எல்லைக்கோடு சரியா இருக்கணும், கரையோரமும் சரியா இருக்கணும். அவ்வளவுதான்."

"கரை சரியா இருக்குது சார்" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த அதிகாரி தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார். சொன்னேன். தாளில் இருந்த அந்த ஒற்றைப் புள்ளியைப் பார்த்துவிட்டு, "நான் இதை விட முடியாது. மேல இருக்கிற மேடத்தப் பாருங்க" என்றார்.

மேடத்தைப் பார்க்க இன்னொரு நாள் வரவேண்டியிருந்தது. அது மூன்றாவது முறை. அவர் தாளை ஒரு நிமிடம்தான் பார்த்தார். மூன்று வழிகளைச் சொன்னார். திருப்பி அனுப்பலாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் அழித்துவிடுவார்கள். இல்லையென்றால், படம் இருக்கிற மடிப்பை மட்டும் அவர்கள் கண்முன்னால் வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் கொண்டுபோகலாம். வெட்டிய துண்டுகளை ஒன்று விடாமல் எண்ணி ஒப்படைக்க வேண்டும்.

"கத்திரிக்கோல் நீங்கதான் கொண்டு வரணும்" என்றார்.

முதலாளிக்கு ஒரு நொடிகூட யோசனை இல்லை. "வெட்டிடு. மேப் எவனுக்கு வேணும்? தொட்டியும் போயிடுதா? போவட்டும். கன்டெய்னர் நிக்குது." அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஷெட்டில் இருபது பெண்களுக்கு அந்தச் சரக்குதான் வேலை.

மகளிடம் சொல்லாமலே வெட்டிக் கொண்டுவந்து, வெளிநாட்டு அம்மாள் கடைசியில் படத்தைப் போடவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். வெட்கமில்லாமல் யோசித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். பொய்யை முழுதாகத் தயாரித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வந்துச்சா?"

பொய் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மேல் ஓரம் என்று நான் ஆரம்பித்ததுமே அவள் உள்ளே போய் ஸ்டென்சிலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நீ வெட்டினதுதானே?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? எப்பப் போட்டாலும் தலைய நான் கையாலதான் போடுவேன். அன்னிக்குப் போடறதுக்குள்ள அந்தம்மா கேட்டாங்க, குடுத்துட்டேன்."

"அவங்களுக்காவது தெரிஞ்சிருக்க வேணாமா?"

"அவங்களுக்கு மரக்காணம் எங்க இருக்குதுன்னு தெரிஞ்சா போதும்."

"ஏன்டி எங்கிட்ட அப்பவே சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? வேற வாங்கிக் குடுத்து அதையும் வெட்டியிருப்ப. பெட்டி மூடணும் உனக்கு, அவ்ளோதான்."

அவள் அப்படி என்னிடம் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. அடித்துவிடலாம்போல் இருந்தது. கூடவே இன்னும் கொஞ்சம் பேசமாட்டாளா என்றும் இருந்தது.

"என்னிக்கு வெட்டறாங்க?" என்று கேட்டாள்.

"சனிக்கிழமை. பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"நானும் வர்றேன்."

"நீ வேணாம்."

"நாலாயிரம்மா. நீ ஒருத்தியே வெட்டுவியா? வெட்டறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ பாத்துடறேன். பாக்கக்கூடக் கூடாதுன்னு ரூல் இருக்குதா?"

இல்லை என்றுதான் சொல்லவேண்டியிருந்தது.

"திண்டிவனம் சுத்திக்கினு போனா பத்துக்குப் போவ முடியாது" என்றாள். "ஈ.சி.ஆர். பஸ்ஸுலதான் போவணும்." கடற்கரைச் சாலை என்பதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். சனிக்கிழமை காலையில் ஆறு மணிக்கு அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன். ஷெட்டிலிருந்து பை கட்டுகிற பெண் ஒருத்தியையும் உதவிக்கு அழைத்துக்கொண்டோம். பஸ்ஸில் மகள் வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். வலது பக்கம்தான் கடல். நான் அவள் தோளுக்கு மேலே பார்க்காமல் கையிலிருந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டு போனேன். மாமல்லபுரம் வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். அவள் துப்பட்டாவின் முனையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், சென்னை வரும்வரை.

அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு நீள மேசையில் பெட்டிகளை வைத்திருந்தார்கள். அதே அதிகாரி இரும்பு ஸ்கேல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மகள் முதல் தாளை எடுத்து விரித்தாள். படத்தைப் பார்த்தாள், நடு மடிப்பில் இருந்த ஆங்கிலத்தைப் படித்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "கலர் நல்லா வந்திருக்குது" என்றாள். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டு ஸ்கேலை எடுத்தாள். பத்துப் பத்தாக அடுக்கி, மடிப்பில் ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கத்தியால் கீறினோம். கத்தி மழுங்கினால் கத்திரிக்கோல். கூட வந்த பெண், "பைய கட்டற வேலய விட இது மோசம்க்கா. தொட்டியாவது எனக்கு ஒண்ணு குடுங்க, குளிக்கிறேன்" என்று துண்டின் பின்பக்கத்தைக் காட்டிச் சிரித்தாள். அதிகாரி நூறு நூறாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டார்.

மூன்று மணிக்குக் கடைசிக் கட்டு. மகள் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அதிகாரியின் மேசைக்குப் போனாள். அவர் பேனாவைக் கேட்டு வாங்கினாள். நின்றபடியே அந்த நேர்கோட்டுக்கு மேலே, ஸ்டென்சில் இல்லாமல், காஷ்மீரை வரைந்தாள். கை நிற்கவே இல்லை.

"இப்ப சரியா இருக்குதா சார்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். சுவரில் தொங்கிய அரசாங்கப் படத்தையும் ஒருமுறை பார்த்தார். "சரியாத்தான் இருக்கு. அந்தமான், லட்சத்தீவு?"

அவள் இரண்டு பக்கமும் புள்ளிகளை வைத்தாள்.

"சரி" என்றார்.

"அப்ப இத நான் எடுத்துக்கவா?"

அவருக்குக் கொடுக்க ஆசைதான். முகத்தில் தெரிந்தது. "எண்ணிக்கையில ஒண்ணு குறையும்மா" என்றார். "நாலாயிரம் உள்ள வந்தது, நாலாயிரம் துண்டு இருக்கணும். நான் கையெழுத்துப் போடணும்."

"சார், ஒரே ஒரு துண்டு சார். நீங்களே சரியா இருக்குன்னு சொன்னீங்க" என்றேன். கெஞ்சினேன். எத்தனை பஸ், எத்தனை முத்திரை, எத்தனை மணி நேரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மகள் என் கையைத் தொட்டு, "வுடும்மா" என்றாள். துண்டை அவளே கட்டின் மேல் வைத்து ரப்பர் பேண்டைப் போட்டாள். காஷ்மீரோடு, அந்தமானோடு, சரியான அந்த ஒரே படமும் அழிக்கவேண்டிய மூட்டையில் போனது.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நான் திண்டிவனம் பஸ் நிற்கிற பக்கம் திரும்பினேன். அவள் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்துவிட்டாள். ஏறினேன். இந்த முறை ஜன்னலைச் சாத்தச் சொன்னேன், பாதிதான் சாத்தினாள்.

அடுத்த வாரம் ஷெட்டில் எல்லாப் பைகளிலும் அந்தத் தாளைச் செருகினார்கள். பள்ளிக்கூடம் விட்டு அவளும் வந்து செருகினாள். எனக்கு அப்போதுதான் நடு மடிப்பின் கடைசி வரியைப் படிக்க நேரம் கிடைத்தது. இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியவேண்டுமா, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள் என்று எழுதியிருந்தது.

"இத ஏன்டி நீ அங்கியே சொல்லல? இந்த வரிய அடிச்சிருக்கலாமே" என்றேன்.

"நாலாயிரம் வரியவா?" என்றாள். "அதுக்கு ஒரு லெட்டர் கேப்பாங்க."

கன்டெய்னர் மழைக்கு முன்னால் போய்விட்டது. முதலாளிக்குத் திருப்தி. நான் மட்டும் இப்போதும் சில சமயம் யாரோ முகம் தெரியாத ஒருவர், எங்கோ ஒரு குளியலறையில், அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நினைத்துக்கொள்கிறேன். ஓரத்தில் கத்தி கீறிய பிசிறு இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது.